வருகையாளர் எண்ணிக்கை

கனடாவின் ஸ்காபரோவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வடக்கில் தாம் பிறந்த ஊரின் பெயரில் ஓர் இணையத்தளம் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றனவாம். ஊரின் வரலாறு, பழைய புகைப்படங்கள், பாடசாலை அதிபர்களின் பட்டியல் எல்லாம் இட்டிருக்கிறார். அடியில் உள்ள எண்ணும் கருவி 41இல் நிற்கிறது. "நீங்கள் இருபது வருடமாகத் தளம் நடத்துகிறீர்கள். ஆட்களை வரவழைக்க ஏதும் வழி உண்டா?" என்பது அவருடைய கேள்வி.

அவருக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் பொதுவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் கணனி நிபுணன் அல்லன். 1979 முதல் தமிழ் நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்பிய பிரதேச நிருபன். அச்சில் வந்த செய்தியை அடிமட்டம் வைத்து அளந்து, அங்குலத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வாங்கிய தலைமுறை. இணையத்தில் செய்யக்கூடிய மடமைகள் அனைத்தையும் ஒருமுறையாவது செய்து பார்த்தவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு.

எங்கள் ஊர் கலகெதர. கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ 10 வீதியில், கண்டியிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். 1803இல் பிரித்தானியப் படை கண்டி நோக்கி ஏறியபோது கலகெதர, கிரிஹாகம அரண்களைப் பிடித்த பின்னரே மேலே செல்ல முடிந்தது என்று வரலாறு கூறும். அதாவது, ஒரு காலத்தில் வருவோரைத் தடுப்பதற்காகவே பெயர் பெற்ற ஊர். அந்த ஊரில் இருந்துகொண்டு உலகத்தை வாருங்கள் வாருங்கள் என்று அழைக்க நான் 2006இல் புறப்பட்டேன்.

கட்டாரில் வேலை செய்து திரும்பிய என் மருமகன்தான் தளத்தை அமைத்துத் தந்தார். முதற் பக்கத்தில் இடமிருந்து வலமாக ஓடும் எழுத்து, மின்னும் நட்சத்திரங்கள், திறந்தவுடன் ஒலிக்கும் இசை. அன்றைய அழகுணர்ச்சி அது. ஊரில் இணையம் பார்க்க வேண்டுமானால் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பில் எங்கள் முதற் பக்கம் முழுமையாகத் திறக்கவே நான்கைந்து நிமிடங்கள் எடுக்கும். இசை கேட்டு முடிவதற்குள் வாசகரின் காசு தீர்ந்துவிடும். முதல் வாரத்தில் கருவி 60 காட்டியது. பெருமையோடு நண்பர்களிடம் சொன்னேன். பிறகுதான் விளங்கியது, ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்தையும் தனித்தனி வருகையாகக் கருவி எண்ணுகிறது என்று. ஒருவர் ஒருமுறை வந்தால் பதினைந்து. அந்த நான்கு பேரில் இருவர் நானும் மருமகனும்.

அதற்கும் மேலாக ஒரு தடை இருந்தது. அதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். நான் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். இலங்கைப் பத்திரிகைத் துறையில் அன்று பலருக்கும் அதுதான் பழக்கம். பாமினியில் எழுதிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பைக்கூடை தென்படும். ஒவ்வொரு தளமும் ஒரு எழுத்துருவைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதை இறக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள்" என்று வாசலில் நின்ற காலம் அது. திஸ்கி, தாப், தாம் என்று குறியீட்டு முறைகள் வேறு. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வித்தையும் இருந்தது; ஆனால் மைக்ரோசொப்ட் உலாவிக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை.

மனிதர் எப்படியாவது எழுத்துருவை இறக்கிக்கொள்வார், தேடுபொறி இறக்காது. கூகிளின் கண்ணுக்கு என் கட்டுரைகள் எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குவியல். யாராவது "கண்டி" என்று தமிழில் தேடினால், நான் கண்டியைப் பற்றி எழுதிய நூறு பக்கங்களில் ஒன்றுகூட அகப்படாது. வாசல் இல்லாத வீட்டைக் கட்டிவிட்டு விருந்தினர் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2008இல் யூனிகோடுக்கு மாறினேன். ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கி இலவசமாக வழங்கிய எழுத்துரு மாற்றி இல்லாவிட்டால் அது நடந்திராது. ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மறு பெட்டியில் யூனிகோடு வரும். இரண்டு மாதங்கள் இரவிரவாக அமர்ந்து பழைய பக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். அந்த வருட இறுதிக்குள், நான் அறியாத ஊர்களிலிருந்து அறியாத மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். தமிழ் இணையத்தில் வாசகரைப் பெருக்கிய உபாயம் எது என்று கேட்டால் நான் யூனிகோடைத்தான் சொல்வேன். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் அந்த ஞானம் வருவதற்கு முன்னர் குறுக்கு வழிகளையும் பார்த்துவிட்டேன். மருமகன் எங்கோ படித்துவிட்டு, பக்கத்தின் அடியில் வெள்ளை நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில் சினிமா நட்சத்திரங்களின் பெயர்களை வரிசையாக இட்டார். கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும் என்பது கணக்கு. "மாமா, ரஜினி படம் தேடுறவங்களும் இங்க வருவாங்க" என்றார். வந்தார்கள். கலகெதர விவசாயிகளின் நீர்ப் பிரச்சினையைக் கண்டு இரண்டு விநாடியில் ஓடினார்கள். இத்தகைய மறைவெழுத்தைத் தேடுபொறிகள் மோசடியாகவே கருதுகின்றன. பக்கத்தின் தலையில் திறவுச்சொற்களை மூட்டை மூட்டையாக அடுக்கும் வழக்கமும் அப்போது இருந்தது. தரவரிசைக்கு அவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009 செப்டெம்பரில் கூகிள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றும் அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்போர் இருக்கிறார்கள்.

காசு என்றதும் நினைவு வருகிறது. 2007இல் ஒரு நிறுவனம் பத்தாயிரம் வருகையாளர்களை விற்பனை செய்தது. பெயர் வேண்டாம். நானும் வாங்கினேன்! ஒரே வாரத்தில் கருவி பம்பரமாகச் சுழன்றது. எல்லாரும் தமிழ் பேசுவோர் எவரும் இல்லாத நாடுகளிலிருந்து வந்து, கதவைத் தொட்டுவிட்டு மறைந்தார்கள். ஒரு மாதச் செய்திக் கொடுப்பனவு அதில் போயிற்று. மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வாசகரை ஈர்ப்பது என்பது இணையம் கண்டுபிடித்த கலை அல்ல. தினத்தந்தி 1960இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதைக்காகவே பத்திரிகையைப் புரட்டியோர் எத்தனை பேர்! இங்கே க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த சொற்ப காலத்தில் ஈழத்து எழுத்தாளர்களுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். எஸ்.டி. சிவநாயகத்தின் தினபதி நாளுக்கொரு சிறுகதை வெளியிட்டது. எழுதியவரின் ஊர் முழுவதும் அன்றைய பத்திரிகையை வாங்கும். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள்; விநியோகப் பிரிவுக்குத் தெரிந்த காரணம் இதுதான். இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காக வீடு முழுவதும் மௌனமாகக் காத்திருந்ததும் அதே கதை. தனக்கு வேண்டியவரைப் பற்றிய சேதி எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் வருவார்.

எங்கள் சிறுவயதில் குருநாகல் பக்கத்திலிருந்து ஏறிவரும் லொறிகள் மேட்டுக்கு வந்ததும் கொதித்துப்போய் நிற்கும். அங்கே ஒரு தேநீர்க் கடை. பெயர்ப்பலகை இல்லை. கடைக்காரர் வீதியோரத்தில் இரண்டு வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார், ரேடியேற்றருக்கு ஊற்ற. அதற்குக் காசு கிடையாது. இயந்திரம் ஆறும்வரை சாரதி என்ன செய்வார்? உட்கார்ந்து தேநீர் குடிப்பார்.

2009இல் நான் வைத்த தண்ணீர் வாளி ரமழான் மாத நேரசூசி. கண்டிப் பிரதேசத்துக்கான ஸஹர் முடிவு, நோன்பு திறக்கும் நேரம் இரண்டையும் ஒரே பக்கத்தில், படமாக அல்லாமல் எழுத்தாகவே இட்டேன். பெரிய மூளை வேலை எதுவும் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்கு வந்தவர்கள் என் அத்தனை ஆய்வுக் கட்டுரைகளுக்கும் மூன்று வருடங்களில் வந்தவர்களைவிட அதிகம். எனக்குச் சற்று வருத்தம்தான். பிறகு கண்டி - குருநாகல் பஸ் நேரங்கள், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிகள், ஜனாஸா அறிவித்தல்கள். எங்கள் சமூகத்தில் நல்லடக்கம் பெரும்பாலும் அதே நாளில் நடந்துவிடும். ஆகவே நேரமும் மையவாடியின் பெயரும் பிழையின்றி இருக்க வேண்டும். றியாத்திலும் தோஹாவிலும் இருந்த பிள்ளைகள் இரவில் படுக்கும் முன்னர் ஒருமுறை எங்கள் தளத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று.

இன்னொன்றும் கற்றேன். நம் ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கலகெதர, கலகெதரை, கலகெதற. கட்டுகஸ்தோட்டை, கட்டுகஸ்தொட்ட. மாவனல்லை, மாவனெல்ல. அக்குறணை, அக்குரணை. பத்திரிகையில் ஆசிரிய பீடம் ஒரே எழுத்தமைதியை வற்புறுத்தும். தேடுபவருக்கு அந்த விதி தெரியாது. அவர் தாம் எழுதும் விதத்திலேயே தேடுவார். ஆகவே ஒவ்வொரு கட்டுரையிலும் "சிலர் இவ்வாறும் எழுதுவர்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். முன்னே செய்த வெள்ளை எழுத்துத் திருட்டுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. இது கண்ணுக்குத் தெரியும், உண்மையும்கூட.

தம் வீட்டுக்கு ஆள் வரவில்லை என்றால் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதை எனக்குச் செய்து காட்டியவர் உடத்தலவின்னையைச் சேர்ந்த பீ.எம். புன்னியாமீன். சிந்தனை வட்டம் என்ற வெளியீட்டகத்தை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்டுவந்தவர், பத்திரிகையாளரும்கூட. ஈழத்து எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் விபரங்களைத் திரட்டினார். அந்த உழைப்பைத் தம் பெயரிலான பக்கத்துக்குள் மட்டும் பூட்டி வைக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏராளமாக எழுதினார். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலும் அவருடைய நூல்கள் கிடைக்கின்றன. 2016இல் அவர் காலமானார். இன்றும் மலையகத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றித் தேடும் மாணவர் ஏதோ ஒரு வழியாக அவரிடம்தான் போய்ச் சேருகிறார். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளும் அக்காலத்தில் எங்களுக்கு ஒரு பொதுச் சந்தி. முகநூல் வந்த பின்னர் அந்தச் சந்தியின் களை குறைந்தது.

இனிச் சொல்லப்போவதை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் முதலில் விட்டிருந்தேன். எழுதாமல் விடுவது நியாயமல்ல என்று பின்னர் தோன்றியது.

2018 மார்ச் மாத ஆரம்பத்தில் கண்டி மாவட்டத்தில், திகன, தெல்தெனிய, அக்குறணை பக்கங்களில், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை வாசகர்கள் அறிவீர்கள். 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஊரடங்குச் சட்டம் வேறு. அன்றிரவு என் தொலைபேசி ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுத்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "நம்மட ஊருக்கு என்ன, செல்லுங்களே."

எங்கள் தெருவில் எதுவும் நடக்கவில்லை. கதவுகளைப் பூட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அதுவே செய்தி. ஆனால் எதுவும் நடக்கவில்லை என்ற செய்தியை யார் திறந்து பார்ப்பார்கள்? தளத்தின் புள்ளிவிபரப் பக்கம் என் முன்னே திறந்திருந்தது. ஒரே நேரத்தில் நானூறு பேர். அதுவரை நான் கண்டிராத எண்ணிக்கை. மருமகன் சொன்னார், மற்றத் தளங்கள் எல்லாம் ஏதேதோ போடுகின்றன, நாமும் ஏதாவது போட வேண்டும் என்று. அவரைக் குறை சொல்லமாட்டேன். விசைப்பலகையில் இருந்தவை என் விரல்கள். "கலகெதரயிலும் பதற்றமா?" என்று தலைப்பிட்டேன். உள்ளே, இதுவரை அசம்பாவிதம் எதுவும் இல்லை என்று இரண்டு வரிகள். தலைப்பில் பொய் இல்லை, கேள்விக்குறிதானே இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எனக்குச் செய்தி எழுதக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் சொல்வார், விடை தெரியாத இடத்தில்தான் கேள்விக்குறி போட வேண்டும் என்று. எனக்கு விடை தெரிந்திருந்தது.

நானூறு ஆயிரமாயிற்று. ஆயிரம் நாலாயிரமாயிற்று. இரவு ஒரு மணிவரை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

மறுநாள், 7ஆம் திகதி, முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசு முடக்கியது. கண்டி மாவட்டத்தில் இணைய இணைப்பும் கட்டுப்படுத்தப்பட்டது. என் வீட்டுத் தொடர்பும் அறுந்தது. தலைப்பை மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியவில்லை. இரண்டு நாட்களுக்கு மேல், உலகத்தின் எல்லா மூலைகளிலும் அந்தக் கேள்விக்குறி அப்படியே நின்றது.

துபாயில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்த பிள்ளை ஒருவர், எங்கள் அயலவர். வாப்பா இல்லை, உம்மா மட்டும். வைபரில்தான் தினமும் பேசுவார், அது நின்றுவிட்டது. சாதாரண அழைப்பும் அன்று கிடைக்கவில்லை. கையில் இருந்தது என் தலைப்பு ஒன்றுதான். விடுமுறை கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. கடன்பட்டு விமானச் சீட்டு எடுத்து வந்துவிட்டார். உம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று.

அவர் என்னிடம் வந்து கோபித்திருந்தால் இலேசாக இருந்திருக்கும். "நீங்க போட்டதப் பாத்துத்தான் வந்த, மாமா" என்று மட்டும் சொன்னார். உள்ளே இருந்த இரண்டு வரிகளை அவர் படிக்கவே இல்லை. தலைப்பைக் கண்டதும் கை நடுங்கிவிட்டதாம்.

அந்த வன்முறையில் தனது தளம் வகித்த பாத்திரத்துக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. அச்செய்தியைத் தமிழாக்கி வெளியிட்டபோது நான் ஒரு பத்தியைச் சேர்த்து, பிறகு நீக்கிவிட்டேன். நீக்கிய பத்தியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு நான் செய்தது சொற்பம். முதற் பக்கத்திலிருந்து எண்ணும் கருவியை எடுத்தேன். ஊர் நிலைமை பற்றிய எந்தச் செய்தியிலும், "இரவு 9.40 வரை தெரிந்தது" என்று நேரத்தைத் தலைப்பிலேயே இடுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை என்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்பதே தலைப்பு. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தோரைக் கட்டாயமாகத் தகனம் செய்த காலத்தில், வர்த்தமானி அறிவித்தல்களில் உள்ளதை உள்ளபடி தமிழில் தந்தோம், ஊகங்களைத் தொடவில்லை. வருகை குறைந்ததா என்று பலர் கேட்பார்கள். குறைந்தது. பிறகு மெல்ல ஏறியது. ஆனால் 2018 மார்ச் 6இன் எண்ணிக்கையை இன்றுவரை எட்டவில்லை.

விளம்பர வருமானம் பற்றியும் ஆசிரியர் கேட்டிருந்தார். கூகிளின் அட்சென்ஸ் 2018 பெப்ரவரியில்தான் தமிழை ஏற்றது. எங்கள் அளவிலான தளத்துக்கு அது சேவர் வாடகைக்கே போதாது. அத்துடன், இப்போதெல்லாம் கேள்விக்கான விடையைத் தேடுபொறியே சுருக்கி மேலே எழுதிவிடுகிறது. கீழே உள்ள தளத்துக்குள் நுழையாமலே போகிறவர்கள் பெருகுகிறார்கள். என் வெட்டுப்புள்ளிப் பக்கம் அப்படித்தான் படுத்தது. ஜனாஸா அறிவித்தலை மட்டும் இன்னும் யாரும் எனக்கு முன்னே எழுதவில்லை, ஏனென்றால் அதற்குப் பள்ளிவாசல் முஅத்தினாரைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். ரமழான் பிறை காண்பதற்கு முன்னரே வந்து நேரசூசியின் நாற்பது பிரதிகளை அச்சிட்டு வாங்கிக்கொண்டு போய், தரிப்பிடத்தில் ஏறுவோருக்குக் கொடுப்பார். பிரதிகளின் அடியில் எங்கள் தளத்தின் முகவரி இருக்கும். அதைப் போடச் சொன்னவரும் அவர்தான்.

ஆசிரியருக்கு இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, முதலில் உங்கள் ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று தெரியப்படுத்துங்கள், உங்கள் ஊரவர் ஆண்டுதோறும் எதைத் தேடுவார்கள் என்றும் யோசியுங்கள் என்று கேட்டிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. நான்கு விதமாக எழுதுவார்களாம். கோயில் கொடியேற்றத் திகதியை வெளிநாட்டில் இருப்போர் ஒவ்வொரு வருடமும் விமானச் சீட்டு எடுக்கும் முன்னர் அவரிடம் தொலைபேசியில்தான் கேட்கிறார்களாம். சரியான திகதியைத் தர்மகர்த்தா சபையிடம் கேட்டு அனுப்பும்படி ஊரில் இருக்கும் தங்கைக்குச் சொல்லியிருக்கிறார்.